அழிந்ததா, மறைந்ததா? கணினி மேம்படுத்தலும் காணாமல்போன கோப்புகளும்: ஒரு சிறு வரலாறு



விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நம்மில் பலர் மடிக்கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றிவிட்டோம். சிலர் மாற்றலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். மாற்றியவர்களில் ஓரிருவராவது ஆசிரியர் அறைக்கு வந்து, "அப்டேட் பண்ணேன் டீச்சர், ஃபைலெல்லாம் காணோம்லா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐந்தாண்டு நாள் பாடத்திட்டம், படிவம் நான்கு ஐந்துக்கான கேள்வித் தொகுப்பு, மாணவர்கள் எழுதிய நல்ல கட்டுரைகளின் தட்டச்சுப் படிகள், ஆண்டுவிழாப் படங்கள் எல்லாம் ஒரே மதியத்தில் காணோம்.

அந்தக் "காணோம்" என்ற சொல்லைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம். தமிழில் அழிந்தது வேறு, மறைந்தது வேறு, தொலைந்தது வேறு. கணினியிலும் அப்படித்தான். மூன்றையும் குழப்பிக்கொண்டு, மறைந்து மட்டுமே இருந்த கோப்பைத் தாங்களே அழித்துவிட்டவர்கள் உண்டு. கணினி பழுதுபார்க்கும் கையேடு எழுத நான் வரவில்லை. இந்த மூன்று சொல்லும் கணினிக்குள் எப்போது, எப்படி நுழைந்தன என்ற வரலாற்றைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லும்போது, என்ன செய்யலாம் என்பதும் தானாகவே தெரியும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘தொழில்நுட்ப வளர்ச்சி’, ‘கணினியின் நன்மை தீமை’ மாதிரித் தலைப்பு தேர்வில் வந்தால், "இன்றைய நவீன உலகில் கணினி இன்றியமையாதது" என்று தொடங்கி மூன்று பத்தி ஓட்டிவிடுகிறீர்கள். ஆண்டும் காரணமும் உள்ள ஒரு நிகழ்வைச் சொல்லிப் பாருங்கள், திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். அதனால்தான் தேதிகளைச் சற்றுக் கவனமாகக் கொடுத்திருக்கிறேன்.

முதலெழுத்து மட்டும் போன காலம்

1980களில் தனிமேசைக் கணினிகளில் ஓடியது டாஸ் என்னும் இயங்குதளம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கட்டளையைத் தட்டச்சு செய்தால்தான் வேலை நடக்கும். அதில் ஒரு கோப்பை நீக்கச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? கோப்பின் உள்ளடக்கத்தை டாஸ் தொடவே தொடாது. கோப்புகளின் பெயர்ப் பட்டியலுக்குப் போய், அந்தப் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் மட்டும் 229 என்ற எண்ணைப் போட்டுவிடும். பதினறும முறையில் அதை ஈ5 என்பார்கள். பிறகு, வட்டில் அந்தக் கோப்பு பிடித்துக்கொண்டிருந்த இடங்கள் இனிக் காலி என்று அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவர் பெயரை அடித்துவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் இன்னும் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவன் நாற்காலி காலி என்று பதிவேடு சொல்கிறது. புது மாணவர் ஒருவர் வந்து அந்த நாற்காலியில் உட்காரும்வரை பழைய பையனை எழுப்பவே முடியாது.

இதைப் பயன்படுத்திப் பெயர் வாங்கியவர் பீட்டர் நார்ட்டன் என்ற அமெரிக்க நிரலாளர். 1982இல் அவர் வெளியிட்ட நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தொகுப்பில் ‘அன்இரேஸ்’ என்ற கருவி இருந்தது. நீக்கிய கோப்பைத் திரும்பக் கொண்டுவரும் கருவி அது. அந்தக் காலத்தில் மந்திரம் மாதிரிதான் தெரிந்திருக்கும். பிறகு 1991இல் மைக்ரோசாஃப்டே தன் டாஸ் 5ஆம் பதிப்போடு ‘அன்டெலிட்’ என்ற கட்டளையைச் சேர்த்துக் கொடுத்தது. அந்தக் கட்டளையைக் கொடுத்தால், நீக்கப்பட்ட கோப்பின் பெயரை முதலெழுத்து இல்லாமல், அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியோடு காட்டும். "இதன் முதல் எழுத்து என்ன?" என்று உங்களிடமே கேட்கும். நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டினால் கோப்பு திரும்பிவிடும். மொழி ஆசிரியர்கள் யாராவது இந்தக் கட்டளையைப் பார்த்திருந்தால், கோடிட்ட இடத்தை நிரப்புக என்பதைக் கணினியும் கற்றுக்கொண்டதே என்று சிரித்திருப்பார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. நீக்கியதற்கும் மீட்பதற்கும் நடுவில் அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்பட்டிருக்கக் கூடாது. கோப்பு போனது தெரிந்ததும் அந்தக் கணினியில் புதிதாக எதையும் சேமிக்காமல், மீட்பு மென்பொருளைக்கூட அதே வட்டில் இறக்காமல் நிறுத்த வேண்டும் என்று இன்றும் சொல்வதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. பதற்றத்தில் பலர் செய்வது இதற்கு நேர் எதிர். நான்கு மீட்பு மென்பொருள்களை இறக்கி, அவற்றாலேயே காலி நாற்காலிகளை நிரப்பிவிடுகிறார்கள்.

ஓர் இடைவெளி செய்த வேலை

மேம்படுத்தும்போது கோப்பு போவது வேறு கதை. அங்கே நீக்குவது நாம் இல்லை, மேம்படுத்தும் நிரல்தான் நீக்குகிறது.

2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் 2 என்ற இசை மென்பொருளை வெளியிட்டது. மேக் ஓஎஸ் 10 கணினிகளில் அதை நிறுவும்போது, பழைய பதிப்பை முதலில் நீக்கும்படி நிறுவல் நிரலில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த வரியில் வட்டின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட மறந்துவிட்டார்கள். வட்டின் பெயரில் இடைவெளி இருந்தால், கணினி அதை ஒரு பெயராகப் படிக்காமல் இரண்டு பெயராகப் படித்தது. விளைவு, பழைய மென்பொருளை மட்டும் நீக்கச் சொன்ன கட்டளை சிலருடைய வட்டுப் பகுதியையே துடைத்துவிட்டது. ஆப்பிள் அதை உடனே திரும்பப் பெற்றுக்கொண்டு 2.0.1 என்ற திருத்திய பதிப்பை வெளியிட்டது.

நம் மாணவர்களுக்குச் சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுவதைப் பற்றி எத்தனை முறை சொல்லியிருப்போம்! ‘அவன்தான் வந்தான்’ என்பதற்கும் ‘அவன் தான் வந்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னால், "ஒரு இடைவெளிதானே சார்?" என்பார்கள். அடுத்த முறை இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஆப்பிளுக்கே 2009இல் இன்னொரு சோதனை வந்தது. அந்த ஆகஸ்டு மாதம் வெளியான ஸ்னோ லெப்பர்டு இயங்குதளத்துக்கு மாறியவர்களில் சிலர், விருந்தினர் கணக்கில் ஒருமுறை நுழைந்துவிட்டுத் தங்கள் சொந்தக் கணக்குக்குத் திரும்பினால், தங்கள் கோப்புறை துடைக்கப்பட்டுப் புதுக் கணினி மாதிரி இருந்தது. விருந்தினர் கணக்கு என்பது வெளியேறியதும் தன்னைத் தானே காலி செய்துகொள்ளும் கணக்கு. அந்தக் காலி செய்யும் வேலை வீட்டுக்காரர் அறையிலும் நடந்துவிட்டது. நவம்பரில் வந்த 10.6.2 திருத்தம் இதைச் சரிசெய்தது. 2007இல் ஆப்பிள் கொடுத்திருந்த டைம் மெஷின் என்னும் காப்புநகல் வசதியை வேறொரு வட்டில் ஓடவிட்டிருந்தவர்களுக்குக் கோப்புகளைத் திரும்ப எடுக்க வழி இருந்தது.

2018 அக்டோபர்: பழைய வீட்டு அலமாரி

இனி சொல்வதுதான் இந்த வரலாற்றில் மிகவும் தெரிய வேண்டிய நிகழ்ச்சி. உங்களில் சிலர் இதை அனுபவித்தும் இருக்கலாம்.

2018 அக்டோபர் 2ஆம் தேதி மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பை வெளியிட்டது. அதை உடனே இறக்கிக்கொண்டவர்களில் சிலர், கணினி மறுபடி எழுந்ததும் ஆவணங்கள், படங்கள் கோப்புறைகளில் இருந்தவை மொத்தமாக இல்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். பழைய பதிப்புக்குத் திரும்பிப் பார்த்தவர்களுக்கும் கோப்பு திரும்பவில்லை. நான்கே நாளில், அக்டோபர் 6ஆம் தேதிவாக்கில், உலகம் முழுவதும் அந்தப் பதிப்பின் விநியோகத்தை நிறுத்திவைத்தார்கள். நவம்பர் 13ஆம் தேதிதான் அது மறுபடி வெளியானது.

என்ன ஆச்சு? அக்டோபர் 9ஆம் தேதி நிறுவனமே காரணத்தை விளக்கியது. கதையைப் புரிந்துகொள்ள ஒரு சிறு பின்னணி வேண்டும்.

விண்டோஸில் ‘ஆவணங்கள்’, ‘படங்கள்’, ‘மேசைத்தளம்’ போன்ற கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சி வட்டில் இடம் குறைவு என்று நம் ஆட்கள் பலர் ஆவணங்களை டி வட்டுக்கு மாற்றி வைத்திருப்போம். மாற்றும்போது, "பழைய இடத்தில் உள்ள கோப்புகளையும் நகர்த்தட்டுமா?" என்று கணினி கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பழையவை பழைய இடத்திலேயே இருக்கும், புதியவை மட்டும் புது இடத்துக்குப் போகும். வீடு மாறியவர் சில அலமாரிகளைப் பழைய வீட்டிலேயே விட்டுவைத்த மாதிரி. முகவரி மாறிவிட்டது, ஆனால் பொருள் அங்கேயும் இருக்கிறது.

அதே ஆண்டு ஏப்ரலில் வந்த முந்தைய பதிப்பில், இப்படி இடம் மாற்றியவர்களின் கணினியில் தேவையில்லாத காலிக் கோப்புறைகள் இரட்டை இரட்டையாக வந்து நின்றன. "இது எதற்கு?" என்று பலர் குறைசொன்னார்கள். சரி, அந்த வெறும் கோப்புறைகளைத் துடைத்துவிடுவோம் என்று அக்டோபர் பதிப்பில் ஒரு நிரலைச் சேர்த்தார்கள். அது பழைய முகவரிக்குப் போனது, "இங்கே யாரும் குடியில்லை" என்று முடிவுசெய்தது, அலமாரிகளோடு சேர்த்து வீட்டையே காலி செய்துவிட்டது. ஒன்டிரைவ் என்னும் மேகச் சேமிப்புக்குத் தங்கள் கோப்புறையைத் திருப்பிவிட்டு, பழைய கோப்புகளை நகர்த்தாமல் விட்டவர்களுக்கும் இதே கதி. ஒன்டிரைவின் ஆரம்பகாலப் பதிப்பில் தானாகச் சேமிக்கும் வசதியை இயக்கியவர்களுக்கும் இப்படி நடந்தது. அந்த வசதி முகவரியை மட்டும் மாற்றியது, பழைய பொருளை எடுத்துப் போகவில்லை.

கவனியுங்கள். கோப்பை இழந்தவர்கள் எந்தக் கிறுக்குத்தனமும் செய்யவில்லை. நிறுவனம் கொடுத்த வசதியை நிறுவனம் சொன்னபடி பயன்படுத்தியவர்கள்தான் அவர்கள்.

உண்மையில் கோப்பை இழந்தவர்கள் பற்றிய புகார்கள், நிறுவியவர்களில் ஒரு சதவிகிதத்தின் நூறில் ஒரு பங்குதான் என்று அந்த விளக்கத்தில் சொல்லியிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்தாயிரம் பேரில் ஒருவர். சின்ன எண் மாதிரித் தெரியும். விண்டோஸ் 10 பயன்படுத்தியவர்கள் அப்போதே பல கோடிப் பேர். எல்லாருக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தால், கோடிக்கு ஆயிரம் பேர் தங்கள் ஆவணங்களை இழந்திருப்பார்கள். சதவிகிதத்தைப் படிக்கும்போது எதன் சதவிகிதம் என்று கேட்க மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு இதில் இன்னொன்றுதான் பெரிதாகப் படுகிறது. வெளியீட்டுக்கு முன்பே, சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திய தன்னார்வலர்கள் சிலர் கோப்பு அழிகிறது என்று கருத்துப் பதிவு செய்யும் இடத்தில் எழுதியிருந்தார்கள். அங்கே எந்தக் குறைக்கு ஆதரவு வாக்கு அதிகமோ, அதுதான் கண்ணில் படும். கோப்பை இழந்தவர்கள் சிலரே என்பதால் வாக்கும் சிலவே. அந்தக் குறை அடியில் கிடந்தது. பிறகுதான், ஒரு குறை எத்தனை பேருக்கு என்பதோடு எவ்வளவு கடுமையானது என்பதையும் குறிப்பிடும் வசதியைச் சேர்த்தார்கள். நாற்பது பேர் வகுப்பில் முப்பத்தொன்பது பேர் மின்விசிறி சத்தம் போடுகிறது என்கிறார்கள். ஒரு பிள்ளை மட்டும் சுவர் மின்கம்பியில் பொறி வருகிறது என்கிறாள். கைகளை எண்ணிப் பார்த்து வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும்?

பாதிக்கப்பட்டவர்களுக்கு அப்போது சொன்ன அறிவுரை டாஸ் காலத்து அறிவுரைதான். கணினியை முடிந்தவரை பயன்படுத்தாதீர்கள், ஆதரவு எண்ணுக்குத் தொலைபேசியில் அழையுங்கள், மீட்கக் கருவி இருக்கிறது என்றார்கள். மீட்டுக் கொடுக்க முடியும் என்று உறுதி மட்டும் தரவில்லை.

இருந்தும் இல்லாததுபோல்

2020 பிப்ரவரியில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மாதத்து விண்டோஸ் 10 திருத்தம் ஒன்றுக்குப் பிறகு சிலருக்கு மேசைத்தளம் வெறுமையாக இருந்தது. பின்னணிப் படம், ஆவணங்கள், அமைப்புகள் எதுவும் இல்லை. 2018இன் கதை மறுபடியும் வந்துவிட்டது என்று பதறினார்கள். ஆனால் அந்தக் கணினிகள் செய்தது வேறு. பயனரின் உண்மையான கணக்கைத் திறக்காமல், தற்காலிகக் கணக்கு ஒன்றைத் திறந்துவிட்டிருந்தன. பழைய கோப்புறை, சி வட்டில் பயனர்கள் பகுதியில் பெயரின் பின்னால் ஒரு வாலோடு பத்திரமாக இருந்தது. கணினியை மறுபடி இயக்கியதிலேயே சிலருக்குச் சரியாகிவிட்டது. அழிந்ததற்கும் மறைந்ததற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

விண்டோஸ் 11க்கு மாறிய நம் ஆசிரியர்கள் "காணோம்" என்று சொல்வதில் இந்த வகையும் நிறைய. புதுப் பதிப்பை அமைக்கும்போது ஆவணங்கள் கோப்புறையை ஒன்டிரைவுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கும். நாம் பழைய இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். அதனால் முதலில் தேடுங்கள். கோப்பின் பெயரை நினைவில் வைத்துத் தேடல் பெட்டியில் தட்டுங்கள், பயனர்கள் கோப்புறையை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். சொந்தக் கணக்கில் 30 நாள், பள்ளிக் கணக்கில் வழக்கமாக 93 நாள்வரை நீக்கியது அங்கே கிடக்கும். கூகிள் டிரைவிலும் 30 நாள். சி வட்டில் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறை இருந்தால் அதைத் தொடாதீர்கள், "இடம் பிடிக்கிறது" என்று நீக்கிவிடாதீர்கள். பழைய இயங்குதளத்தோடு சேர்ந்து உங்கள் பழைய கோப்புகளும் அதில் இருக்கக்கூடும். வழக்கமாகப் பத்து நாளில் கணினி தானே அதைத் துடைத்துவிடும். மேம்படுத்திய தேதியை நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.

ஒரு சின்ன எச்சரிக்கை. கடையில் கொடுத்து ‘அப்கிரேடு’ செய்யச் சொன்னால், அவர்கள் மேம்படுத்துகிறார்களா அல்லது வட்டை ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறார்களா என்று வாயைத் திறந்து கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள்.

இப்போது மீட்பது ஏன் கடினம்

நார்ட்டன் காலத்தில் இருந்த வசதி இப்போது குறைந்துவிட்டது. அப்போது வட்டு சுழன்றது, இப்போதைய மடிக்கணினிகளில் இருப்பது எஸ்எஸ்டி என்னும் சில்லுச் சேமிப்பகம். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் ‘டிரிம்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு கோப்பு நீக்கப்பட்டதும், "இந்த இடங்கள் இனி வேண்டாம்" என்று இயங்குதளம் சேமிப்பகத்துக்குச் சொல்லிவிடும். அதுவும் ஓய்வாக இருக்கும் நேரத்தில் அவற்றை உண்மையாகவே துடைத்துவிடும். கணினி வேகமாக ஓட இது தேவை. ஆனால் பெயர் அடிக்கப்பட்ட பையனை நாற்காலியிலிருந்து உடனே எழுப்பி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். மீட்பு மென்பொருள் போய்ப் பார்த்தால் நாற்காலிகூட இருக்காது.

இதோடு மறையாக்கமும் சேர்ந்துகொண்டது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் சேமிப்பகம் தானாகவே பூட்டப்படும். திருடர் கையில் போனால் நல்லது. ஆனால் கணினி பழுதாகி, சேமிப்பகத்தைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்றால், 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்த மின்னஞ்சலில் அந்தக் கணக்கைத் திறந்தோம் என்பது நினைவில் இருந்தால் பிழைத்தீர்கள்.

கோப்பு கிடைத்தது, தமிழ் கிடைக்கவில்லை

தமிழாசிரியர்களுக்கு மட்டும் உரிய ஒரு காணாமல்போதல் உண்டு. 2000ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னும் தட்டச்சு செய்த பழைய கேள்வித்தாளைப் பெண்ட்ரைவில் கண்டுபிடித்து, புதுக் கணினியில் திறக்கிறீர்கள். கோப்பு இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது. உள்ளே தமிழ் இல்லை. பிரெஞ்சு மொழியில் வருவதுபோல் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகளாக வரிசை வரிசையாக நிற்கிறது. "வைரஸ் அடிச்சிருச்சு" என்று சொல்லி நீக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வைரஸ் இல்லீங்க. அது நம் மொழியின் கணினி வரலாறு. இதில் நம் வட்டாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1985இலேயே தொடங்கிவிட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழைக் கொண்டுவர உழைத்தார். 1997இல் தமிழ் இணைய மாநாடு அங்கேதான் நடந்தது. அந்தக் காலத்து எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தன. நம் எழுத்து 247, அதோடு ஆங்கிலமும் வேண்டும். ஆகவே ‘க’ ஓர் இடம், கொம்பு ஓர் இடம், கால் ஓர் இடம் என்று துண்டுகளாக வைத்தார்கள். அதையும் ஆளுக்கொரு வரிசையில் வைத்தார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் திஸ்கி என்ற குறியீட்டு முறை வந்தது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு டாப், டாம் என்ற இரண்டு முறைகளும் வந்தன. 1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் விண்டோஸ் கணினிகளில் அது பயன்பாட்டுக்கு வந்தது.

பழைய கோப்பில் சேமிக்கப்பட்டிருப்பது எண்கள் மட்டுமே. அந்த எண்ணுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது அந்த எழுத்துரு. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது எழுத்துரு போய்விடுகிறது, எண்கள் அப்படியே இருக்கின்றன. அதனால் இது மீட்கக்கூடியது. தலையில் குறி போட்ட ரோமன் எழுத்துகளாகத் தெரிந்தால் திஸ்கி அல்லது டாப் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் பாமினி வகையாக இருக்கலாம். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். எந்த வகை என்று தெரிந்துவிட்டால், என்எச்எம் மாற்றி, சுரதாவின் பொங்குதமிழ் போன்ற கருவிகளில் ஒட்டி யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படியுங்கள். திஸ்கியில் ‘கொ’ என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு, க, கால் என்று சேமிப்பார்கள். யூனிகோடில் முதலில் மெய், பிறகுதான் உயிர்க்குறி. பிழை வந்தால் பெரும்பாலும் இந்தக் கொ, போ, கௌ வகையில்தான் வரும். பாமினிக் கோப்பில் நடுவே ஆங்கிலமோ மலாய்ப் பெயரோ இருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கி உளறிவைக்கும். அந்தச் சொற்களைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மாற்றுங்கள்.

உண்மையான அழிவு ஒன்றும் இங்கே உண்டு. 2019க்கு முந்தைய விண்டோஸில் நோட்பேடு, யூனிகோடு அல்லாத பழைய முறையில்தான் இயல்பாகச் சேமித்தது. யூனிகோடு தமிழை அதில் ஒட்டி, வந்த எச்சரிக்கையைப் படிக்காமல் சரி என்று தட்டினால், ஒவ்வோர் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். திரை முழுக்கக் கேள்விக்குறியாக ஒரு கோப்பைக் கண்டால் எந்த மாற்றியாலும் பயனில்லை, அதன் வேறு படி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். டாஸின் அன்டெலிட் கேட்டது ஒரே ஓர் எழுத்து. இது எல்லா எழுத்தையும் கேட்கிறது.

இன்னும் மேம்படுத்தாத கணினி உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ இருந்தால், கோப்புகளைப் பெண்ட்ரைவுக்கு எடுக்கும்போது சி வட்டில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையையும் திறந்து பாருங்கள். அதில் இருக்கும் பழைய தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பை எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, அந்தப் பெண்ட்ரைவோடு ஒட்டிவையுங்கள்.